காயலான் கடை இரும்பில் வீட்டுப் பட்டறை: உப்புக்காற்று வீசும் ஊருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ராயபுரத்திலோ திருவொற்றியூரிலோ, உப்புத்தாள் போட்டுப் பளபளவென்று தேய்த்த இரும்புப் பட்டையை ராத்திரி ஜன்னலோரம் வைத்துவிட்டுத் தூங்குங்கள். காலையில் அதன்மேல் மஞ்சள் பூத்திருக்கும். வடசென்னையில் வீட்டுப் பட்டறை போடுகிறவருக்கு முதல் எதிரி இந்த உப்புக்காற்றுதான். பணமும் இடமும் அப்புறம். ஆசையாக வாங்கி வந்த பழைய சாமான் இரண்டே மழைக்காலத்தில் மறுபடி காயலான் கடைத் தராசுக்கே போய்ச் சேர்வது இதனால்தான்.

வாங்கும்போது ஒரு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். அசையாத இரும்பைப் பழசாக வாங்கலாம். சுழல்வதைச் சோதித்து வாங்க வேண்டும். கரன்ட் பாய்வதைப் புதிதாகத்தான் வாங்க வேண்டும். வைஸ் (சாமானைக் கவ்விப் பிடிக்கும் இடுக்கி), மேஜைச் சட்டம், ட்ரில் மெஷினின் தூண், அடைகல் (இரும்பை வைத்து அடிக்கும் கட்டை) எல்லாம் முதல் வகை. மோட்டார், சக் (ட்ரில்லைக் கவ்வும் தலை), புல்லி (பெல்ட் ஓடும் சக்கரம்) இரண்டாவது. ஒயர், பிளக், சுவிட்ச், கெபாசிட்டர் மூன்றாவது. சாணை பிடிக்கும் கிரைண்டரின் கல்லில் கரன்ட் பாயாதுதான், ஆனாலும் அதை மூன்றாவதில் சேருங்கள். ஏன் என்பது கிரைண்டர் பகுதியில் வரும்.

இடம்

எட்டடிக்கு ஆறடி போதும். மாடிப்படிக்கு அடியில், பின்கட்டில், மொட்டை மாடி ஷெட்டில், எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம். ஒவ்வொன்றுக்கும் ஒரு தொல்லை உண்டு. தரைத்தளம் என்றால் மழைத்தண்ணீர். மொட்டை மாடி என்றால் பகலில் தகரம் கொதிக்கும், விடியற்காலையில் அதே தகரத்தின் உள்பக்கம் வியர்த்துச் சொட்டும், சொட்டுவது நேராக உங்கள் மெஷின் தலையில் விழும். தகரத்துக்கு அடியில் தெர்மாகோலோ பழைய பிளக்ஸ் பேனரோ இடைவெளி விட்டுக் கட்டினால் சொட்டுவது குறையும்.

தரைத்தளத்தில் இருப்பவர்கள் பழைய வெள்ளம் எந்த மட்டம் வரை ஏறியது என்று சுவரைப் பார்த்தோ பக்கத்து வீட்டுப் பெரியவரைக் கேட்டோ தெரிந்துகொண்டு, அதற்கு ஓரடி மேலே பிளக் பாயின்ட்டையும் மோட்டாரையும் வையுங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எண்ணூர்ப் பக்கம் எண்ணெய் கலந்த தண்ணீரே வீடுகளுக்குள் வந்தது. கனமான எதையும் தரையில் வைக்காமல் இருப்பதே நல்லது.

கடல் பார்த்த ஜன்னல் இருந்தால், மெஷினை அதற்கு எதிர்ச் சுவரில் வைக்காதீர்கள். மதியத்துக்கு மேல் கடற்காற்று நேராக அங்கேதான் அடிக்கும். ஜன்னல் இருக்கும் சுவரையே ஒட்டி வைத்தால் காற்று தலைக்கு மேலே போய்விடும்.

சுவருக்குச் சுவர் ஒட்டிய வீடுகளில் சத்தம்தான் சண்டைக்கு வழி. மேஜைக் காலுக்கு அடியில் லாரி டயர்த் துண்டு, மேஜைக்கும் சுவருக்கும் இடையே இரண்டு அங்குல இடைவெளி, ராத்திரி எட்டு மணிக்கு மேல் கிரைண்டர் கிடையாது என்ற பேச்சு, இந்த மூன்றும் இருந்தால் பெரும்பாலும் பிரச்சினை வராது.

வாங்கப் போகும்போது

தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, பழைய வண்ணாரப்பேட்டைப் பக்கம் தெருவுக்கொரு பழைய இரும்புக் கடை இருக்கும். வண்டி பாகம் என்றால் புதுப்பேட்டை, எலக்ட்ரானிக்ஸ் என்றால் ரிச்சி தெரு, புதிய பேரிங், பெல்ட், போல்ட் நட் வேண்டுமென்றால் பாரிமுனைத் தெருக்கள். லேத் (கடைசல்) வேலைக்குக் காசிமேடு பக்கம் போங்கள். படகு இஞ்சினுக்கு ஷாஃப்ட்டும் புஷ்ஷும் கடைந்து கொடுத்துப் பழகிய கைகளுக்கு உங்கள் வேலை சின்ன வேலை.

கையில் எடுத்துப் போக வேண்டியவை: சின்ன சுத்தியல், காந்தம், வெர்னியர் (விட்டம் அளக்கும் கருவி), மல்டிமீட்டர், ஒரு துண்டு எமரித் தாள், பழைய துணி. “ஓடுமாண்ணே?” என்று கேட்டால் “நேத்து வரைக்கும் ஓடிச்சுப்பா” என்ற பதில்தான் வரும். அதற்கு மதிப்பு எதுவும் இல்லை. “கரன்ட் போட்டுக் காட்ட முடியுமா?” என்று கேளுங்கள். முடியாது என்றால் எடை விலைக்கு மேல் பேசாதீர்கள்.

பில் கேட்டு வாங்குங்கள். குறிப்பாகத் தண்டவாளத் துண்டு விஷயத்தில். அடைகல்லுக்கு அதைவிட நல்ல இரும்பு கிடையாது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் பெரம்பூரும் வியாசர்பாடியும் ரயில்வே சூழ்ந்த இடங்கள். 1966-ஆம் ஆண்டு ரயில்வே சொத்துச் சட்டப்படி, ரயில்வேயிலிருந்து திருடப்பட்டதாகவோ முறைகேடாக வந்ததாகவோ நியாயமான சந்தேகம் உள்ள பொருள் உங்கள் கையில் இருந்தால், முறையாக வந்தது என்று காட்ட வேண்டியது நீங்கள்தான். ஏலத்தில் எடுத்ததற்கான தாள் இல்லாத தண்டவாளத்தைத் தொடாதீர்கள். லாரி ஆக்ஸில் துண்டை நிமிர்த்தி, கான்கிரீட் நிரப்பிய பழைய சக்கரத் தட்டில் நட்டால் வீட்டு வேலைக்கு அது போதும்.

மேஜையும் வைஸும்

ஜார்ஜ் டவுனிலும் ராயபுரத்திலும் மெட்ராஸ் டெரஸ் போட்ட பழைய வீடுகளை இடிக்கும்போது கூரைத் தேக்கு உத்தரங்கள் வெளியே வரும். மேஜைப் பலகைக்கு அதற்கு இணை கிடையாது. வாங்குமுன் காந்தத்தை நீளவாக்கில் தடவிப் போங்கள், ஆணி மறைந்திருந்தால் சுண்டும். ஆணி எடுக்காத மரத்தை ரம்பம் போடும் இடத்தில் கையில் கூடத் தொட மாட்டார்கள். ஸ்க்ரூடிரைவர் முனையால் குத்திப் பாருங்கள், மாவாக உள்ளே போனால் கரையான் சாப்பிட்டுவிட்டது. பழைய பெயின்ட் இருந்தால் உலர்வாகத் தேய்க்காதீர்கள். அந்தக் காலத்துப் பெயின்டில் ஈயம் இருக்கலாம். தண்ணீர் தொட்டு வாட்டர் பேப்பரில் தேய்த்து, வரும் கலங்கலைத் துணியில் ஒற்றி எடுத்துவிடுங்கள்.

ஐந்தடிக்கு இரண்டடி மேஜை, 40 × 40 × 5 மி.மீ. ஆங்கிளில் சட்டம், மேலே இரண்டு அங்குலப் பலகை. உயரம் 34 அங்குலம் பெரும்பாலானோருக்குச் சரிவரும். ஆனால் அளவை முடிவு செய்வது வைஸ்தான். நிமிர்ந்து நின்று கையை மடக்கினால் முழங்கை எங்கே இருக்கிறதோ, வைஸ் தாடையின் மேல் விளிம்பு அங்கே வர வேண்டும். அதற்கும் கீழே இருந்தால் அரம் போடும்போது முதுகு போகும். மேலே இருந்தால் அரம் வளைந்து வளைந்து ஓடி, தட்டையாக வர வேண்டிய முகம் முட்டை மாதிரி உப்பும்.

வைஸ் நான்கு அங்குலத் தாடையுள்ளது வாங்குங்கள். கடையிலேயே இந்த வரிசையில் பாருங்கள். முதலில் எமரியால் உடம்பை அங்கங்கே சுரண்டி, வெல்டிங் போட்ட கோடு இருக்கிறதா என்று பாருங்கள். வார்ப்பிரும்பு வெல்டிங் நிற்காது, இறுக்கும் நாளில் பிளக்கும். அப்புறம் சுத்தியலால் லேசாகத் தட்டுங்கள். தெளிவாக ஒலித்தால் நல்லது, ஓட்டைப் பானை மாதிரி ஒலித்தால் உள்ளே விரிசல். பிறகு கைப்பிடியைத் திருப்புங்கள். தாடை அசையாமல் கைப்பிடி மட்டும் அரைச் சுற்றுக்கு மேல் சும்மா சுற்றினால் உள்ளே மரை தேய்ந்துவிட்டது. மரை தேய்ந்த நட்டை லேத்தில் கன்மெட்டலில் (ஒரு வகை வெண்கலம்) புதிதாகக் கடைந்து வாங்கலாம், ஆனால் அந்தச் செலவைக் கழித்துவிட்டு விலை பேசுங்கள். தாடைத் தட்டு போயிருந்தால் கவலையே வேண்டாம், 10 மி.மீ. பட்டை இரும்பில் இரண்டு துண்டு அறுத்து மாட்டிவிடலாம்.

மாட்டும்போது மரத் திருகு போடாதீர்கள். 12 மி.மீ. போல்ட் பலகையை ஊடுருவிப் போய், கீழே வாஷரும் நட்டும் இருக்க வேண்டும். அசையாத தாடை மேஜை விளிம்பைவிட அரை அங்குலம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கட்டும். அப்போதுதான் நீளமான கம்பியைச் செங்குத்தாகப் பிடிக்கும்போது மேஜை தடுக்காது.

சமதளம் பார்க்க கிரானைட் கடையில் சமையல் மேடைக்கு அறுத்து மிஞ்சிய துண்டு வாங்குங்கள். எல்லாத் துண்டும் மட்டமாக இருக்காது. நேரான எஃகு ஸ்கேலை நெட்டாக நிறுத்திப் பின்னால் டார்ச் அடித்து, வெளிச்சம் கசியாத துண்டாகப் பொறுக்குங்கள்.

துரு எடுப்பது

வடசென்னை இரும்பில் துரு மேலே மட்டும் இருப்பதில்லை. குழிகளுக்குள் உப்பு அமர்ந்திருக்கும். கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து பெயின்ட் அடித்தால், ஆறு மாதத்தில் அந்தப் பெயின்ட்டுக்கு அடியிலிருந்தே கொப்புளம் கிளம்பும். உப்பு வெளியே வர வேண்டும். அதற்கு மலிவான வழி சோடாத் தண்ணீரில் கரன்ட் விட்டு எடுப்பது.

20 லிட்டர் பிளாஸ்டிக் வாளி, லிட்டருக்கு ஒரு பெரிய ஸ்பூன் சலவை சோடா. சமையல் உப்பு போடாதீர்கள், குளோரின் வாயு வரும். வாளியின் ஓரத்தைச் சுற்றி நான்கைந்து பழைய முறுக்குக் கம்பித் துண்டுகளை நிறுத்தி எல்லாவற்றையும் ஒயரால் இணையுங்கள். இவை பாசிட்டிவ். துருப்பிடித்த சாமானை நடுவில் தொங்கவிடுங்கள், கம்பிகளைத் தொடக் கூடாது. இது நெகட்டிவ். மாற்றிக் கொடுத்தால் துரு போவதற்குப் பதில் சாமான் கரையும், ஆகவே இரண்டு முறை சரிபாருங்கள். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைப் பாசிட்டிவில் வைக்கவே கூடாது, அதிலிருந்து இறங்கும் குரோமியம் விஷம். துத்தநாகம் பூசிய கம்பியும் வேண்டாம்.

12 வோல்ட் பேட்டரி சார்ஜர் போதும். இப்போது வரும் ஆட்டோமேட்டிக் சார்ஜர்கள் எதிரே பேட்டரி இல்லையென்றால் கரன்ட் விடாது. பழைய கம்ப்யூட்டர் பவர் சப்ளை இருந்தால் அதன் பெரிய கனெக்டரில் பச்சை ஒயரையும் ஏதாவதொரு கறுப்பையும் சேர்த்தால் ஓடும். மஞ்சளும் கறுப்பும் 12 வோல்ட். நடுவே ஒரு 55 வாட் ஹெட்லைட் பல்பைத் தொடராகப் போட்டுவிடுங்கள். ஷார்ட் ஆனாலும் நாலரை ஆம்புக்கு மேல் போகாது, பல்பு முழு வெளிச்சத்தில் எரிந்து உங்களுக்குச் சொல்லிவிடும்.

குமிழ் குமிழாக வருவது ஹைட்ரஜன். திறந்த இடத்தில் வையுங்கள், பக்கத்தில் பீடி கூடப் பற்ற வைக்கக் கூடாது. எட்டிலிருந்து பன்னிரண்டு மணி நேரத்தில் துரு கறுப்புச் சேறாக மாறியிருக்கும். சுவிட்சை அணைத்த பிறகே கையை விடுங்கள். அலுமினியம், பித்தளை, ஸ்பிரிங், பேரிங் எதையும் இந்த வாளிக்குள் போடாதீர்கள். சின்னத் திருகு, ஸ்பேனர் போன்றவற்றுக்கு இவ்வளவு ஏற்பாடு தேவையில்லை. லிட்டருக்கு 50 கிராம் எலுமிச்சை உப்பு (சிட்ரிக் ஆசிட்) கரைத்து ஒரு ராத்திரி ஊற வைத்து, காலையில் சோடாத் தண்ணீரில் அலசினால் போதும்.

பலரும் கோட்டை விடுவது கடைசி அலசலில். கடலோரத்து போர் தண்ணீரில் அலசினால் எடுத்த உப்பை மறுபடி ஏற்றுகிறீர்கள். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பிடித்து வைத்து அதில் அலசுங்கள், அதில் உப்பு மிகக் குறைவு. இல்லையென்றால் மெட்ரோ வாட்டர். அலசியதும் வெயிலில் காயட்டும் என்று விட்டுவிட்டுக் காபி குடிக்கப் போகாதீர்கள். திரும்பி வருவதற்குள் மஞ்சள் பூக்கும். கொதிக்கிற தண்ணீரை ஊற்றினால் இரும்பு சூடேறித் தானே உலரும், சூடு ஆறுமுன் எண்ணெய் அல்லது ரெட் ஆக்சைடு.

மோட்டார்: எது தேறும், எது தேறாது

நம்மூரில் மட்டும் தாராளமாகக் கிடைக்கும் ஒரு நல்ல மோட்டார் உண்டு, பழைய டில்டிங் கிரைண்டரின் அரை குதிரைத்திறன் மோட்டார். நிமிடத்துக்கு 1440 சுற்று, பெல்ட் போட்டு ஓடப் பழகியது, மணிக்கணக்கில் மாவரைத்தும் சூடாகாதது. அதன் ஒரே வியாதி மாவு. காற்றுத் துளையில் டார்ச் அடித்துப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகக் காய்ந்த மாவு ஒட்டியிருந்தால், புளித்த தண்ணீர் பேரிங் வரைக்கும் போயிருக்கும்.

மிக்ஸி மோட்டாரை விட்டுவிடுங்கள். லோடு இல்லாவிட்டால் வெறி பிடித்த மாதிரி ஓடும், சில நிமிட ஓட்டத்துக்கென்றே செய்தது. செமி ஆட்டோமேட்டிக் வாஷிங் மெஷின் மோட்டார் சின்ன பாலிஷ் வேலைக்கு ஆகும், அதற்கு மேல் இழுக்காது. தண்ணீருக்குள் மூழ்கி ஓடும் பம்பு மோட்டார் வெளியே ஓடாது, தண்ணீர்தான் அதைக் குளிர வைக்கிறது. மணலி, அம்பத்தூர்த் தொழிற்சாலைகளிலிருந்து கழித்துவிடும் மோட்டார்கள் மூன்று ஃபேஸ். மலிவாகக் கொடுப்பார்கள், அதனாலேயே ஏமாறுவோம். பெயர்ப்பலகையில் 415 வோல்ட், ஸ்டார் என்றிருந்து, டெர்மினல் பெட்டியில் ஆறு முனையும் வெளியே வந்திருந்தால், அவற்றின் இணைப்பை ஸ்டாரிலிருந்து டெல்டாவாக மாற்றி, ஒரு ஃபேஸ் வாங்கி 230 வோல்ட் மூன்று ஃபேஸ் கொடுக்கும் விஎஃப்டி வைத்து ஓட்டலாம். மூன்றே முனைதான் வெளியே இருக்கிறது என்றால் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

வீட்டுக்கு வந்ததும் நேராக பிளக்கில் சொருகக் கூடாது. மல்டிமீட்டரில் ஒவ்வொரு முனைக்கும் உடம்புக்கும் பாருங்கள், எதுவும் காட்டக் கூடாது. ஒரு ஃபேஸ் மோட்டாரில் மூன்று முனை வெளியே வந்திருந்தால் இரண்டிரண்டாக அளந்து எழுதுங்கள். உதாரணத்துக்கு 12, 20, 32 ஓம் வந்தால், 32 காட்டிய இரண்டும் ரன்னிங், ஸ்டார்ட்டிங் முனைகள், மீதி ஒன்று காமன். காமனிலிருந்து குறைவாகக் காட்டுவது ரன்னிங். பிறகு காயில் (செம்புக் கம்பிச் சுருள்) கட்டும் கடைக்குக் கொண்டுபோய் 500 வோல்ட் மெக்கரில் (கரன்ட் கசிவைக் காட்டும் மீட்டர்) பார்க்கச் சொல்லுங்கள். ஒரு மெகா ஓமுக்குக் குறைந்தால் காயில் ஈரம் குடித்திருக்கிறது. அட்டைப் பெட்டிக்குள் 60 வாட் குண்டு பல்போடு ஒரு நாள் வைத்து, மறுபடி பாருங்கள். ஏறாவிட்டால் காயில் கட்டுவதைத் தவிர வழியில்லை.

முதலில் கரன்ட் விடுவது சீரிஸ் லாம்ப் போர்டில். ஃபேஸ் ஒயரின் நடுவே 100 வாட் குண்டு பல்பு, அப்புறம்தான் பிளக் பாயின்ட், எலக்ட்ரீஷியன்கள் வைத்திருக்கும் அதே சாமான். பல்பு எரிந்தால் ரன்னிங் காயில் அறுபடவில்லை. முழு வெளிச்சத்தில் எரிவதை மட்டும் வைத்துக் காயில் ஷார்ட் என்று முடிவு கட்டாதீர்கள். எரியவே இல்லையென்றால் எங்கோ அறுந்திருக்கிறது.

மோட்டார் உம்மென்று உறுமிக்கொண்டே நிற்கிறதா? உடனே அணையுங்கள். பெல்ட்டைக் கழற்றி, கையால் புல்லியைச் சுற்றிவிட்டு, கையை எடுத்தபின் சுவிட்ச் போடுங்கள். ஓடத் தொடங்கினால் கெபாசிட்டர் போயிருக்க வாய்ப்பு அதிகம். சென்ட்ரிஃபியூகல் சுவிட்ச் (வேகம் ஏறியதும் ஸ்டார்ட்டிங் காயிலைத் துண்டிப்பது) உள்ள மோட்டாரில் அதன் பிளாட்டினா, அதாவது தொடுமுனை, கரிந்திருந்தாலும் இதே குணம் காட்டும். கெபாசிட்டரைத் தொடுமுன் அதன் இரு முனையையும் குண்டு பல்பு ஹோல்டர் ஒயரால் இணைத்து மின்சாரத்தை இறக்குங்கள், ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்யும் வழக்கத்தை விடுங்கள். புதியது அதே மைக்ரோஃபாரட், அதே அல்லது அதற்கு மேற்பட்ட வோல்ட். திசை மாற வேண்டுமென்றால் ஸ்டார்ட்டிங் காயிலின் இரு முனையை மட்டும் மாற்றிக் கொடுக்க வேண்டும். இரண்டும் தனித்தனியாக வெளியே வராவிட்டால் காயில் கடையில் பிரித்துத் தருவார்கள்.

பேரிங்கை யோசிக்காமல் மாற்றிவிடுங்கள். எண் அதன் ஓரத்திலேயே பொறித்திருக்கும். 6202 என்றால் உள்விட்டம் 15, வெளிவிட்டம் 35, கனம் 11 மி.மீ. 6203 என்றால் 17, 40, 12. 6204 என்றால் 20, 47, 14. நம் காற்றுக்குத் தகர மூடி போட்டதைவிட இருபுறமும் ரப்பர் மூடி உள்ளதே நல்லது. ஷாஃப்ட்டில் ஏற்றும்போது உள்வளையத்தில் மட்டும் பொருந்தும் பைப் துண்டு வைத்துத் தட்டுங்கள். வெளிவளையத்தில் அடித்தால் குண்டுகள் பள்ளம் பதித்துவிடும். புதிய பேரிங் முதல் நாளே கரகரவென்று கத்துவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம், கடைக்காரர் மேல் பழி போட வேண்டாம்.

அந்த மோட்டாரில் ஒரு டிஸ்க் சாண்டர்

உப்புத்தாள் ஒட்டிய தட்டு சுழன்று தேய்க்கும் மெஷின் இது, முதல் மெஷினாக இதைச் செய்யச் சொல்வோம். சுலபம், மரம், பிளாஸ்டிக், இரும்பு ஓரம் எல்லாவற்றுக்கும் தினமும் உதவும்.

மோட்டார் ஷாஃப்ட்டின் விட்டத்தை வெர்னியரில் மூன்று இடத்தில் அளந்து, அதை எழுதி, மோட்டாரையும் கையோடு லேத் பட்டறைக்கு எடுத்துப் போங்கள். எழுதிய அளவை நம்பாமல் அவர்கள் ஷாஃப்ட்டிலேயே போட்டுப் பார்த்துக் கடைவார்கள். கேட்க வேண்டியது: நான்கு அங்குல விட்டத்தில் ஃபிளாஞ்ச் (வட்டத் தட்டு), பின்னால் ஒன்றரை அங்குலக் கழுத்து, கீ வே (சாவி உட்காரும் பள்ளம்), ஒன்றுக்கொன்று 90 டிகிரியில் இரண்டு க்ரப் ஸ்க்ரூ (தலையில்லாத திருகு), முகத்தில் நான்கு ஓட்டை. ஷாஃப்ட்டில் ஆட்டம் இல்லாமல் கையால் தள்ளி ஏற வேண்டும்.

18 மி.மீ. ப்ளைவுட்டில் எட்டு அங்குல வட்டம் அறுத்து ஃபிளாஞ்சில் திருகுங்கள். திருகுத் தலை முகத்துக்குக் கீழே அமிழ்ந்திருக்க வேண்டும். இப்போது ஓட்டினால் நிச்சயம் ஆடும். கவலை வேண்டாம், முன்னால் ஒரு கட்டையை இறுக்கி, அதன்மேல் 60 நம்பர் உப்புத்தாள் ஒட்டிய பட்டையை வைத்து மெல்ல ஓரத்தைத் தொடுங்கள், ஓட்டத்திலேயே வட்டம் திருந்தும். பிறகு முகத்தையும் அப்படியே திருத்தி, அதன்மேல் உப்புத்தாளை ஒட்டுங்கள். 1440 சுற்றில் எட்டு அங்குலத் தட்டின் விளிம்பு வேகம் நொடிக்கு 15 மீட்டர், மரத்துக்கு நல்ல வேகம். 2880 சுற்று மோட்டாரில் இதையே மாட்டாதீர்கள், மரம் கருகும்.

முன்மேஜைக்கும் தட்டுக்கும் 3 மி.மீ.க்கு மேல் இடைவெளி கூடாது. தட்டு எந்தப் பக்கம் கீழ்நோக்கி இறங்குகிறதோ அந்தப் பாதியில் மட்டும் வேலை செய்யுங்கள், மறு பாதி துண்டைத் தூக்கி முகத்தில் எறியும். கல்யாண மோதிரம், கைக்கயிறு, தொங்கும் துண்டு எதுவும் உடம்பில் இருக்கக் கூடாது.

ட்ரில் மெஷின்

பழைய தூண் ட்ரில்லில் பார்க்க வேண்டியது சக்கின் ஆட்டம். 6 மி.மீ. புது ட்ரில்லைத் தலைகீழாகப் பிடித்து வழவழப்பான தண்டை வெளியே விடுங்கள். மரக்கட்டையில் குத்திய ஊசியை அதன் அருகே கொண்டுவந்து கையால் ஒரு சுற்று சுற்றுங்கள். நெருங்கும் இடத்துக்கும் விலகும் இடத்துக்கும் வித்தியாசம் ஒரு ஜெராக்ஸ் தாள் கனம், அதாவது 0.1 மி.மீ. அளவென்றால் அருமை. மூன்று தாள் வந்தால் சக்கைக் கழற்றி, டேப்பரை (சக் ஏறும் கூம்பு முனை) தின்னர் போட்டுத் துடைத்து, எண்ணெயோ கிரீஸோ இல்லாமல், சக்கின் தாடைகளை உள்ளே இழுத்துவிட்டு, மரச்சுத்தியலால் ஒரே தட்டு. பாதி ஆட்டம் அழுக்காகத்தான் இருக்கும். அப்படியும் போகாவிட்டால் ஸ்பிண்டில் (சக்கைச் சுழற்றும் தண்டு) வளைந்திருக்கிறது, விட்டுவிடுங்கள்.

வேகத்துக்கு ஒரு குறுக்குவழி. சாதா இரும்புக்கு 8000-ஐ ட்ரில் விட்டத்தால் வகுங்கள். 6 மி.மீ. என்றால் 1330 சுற்று, 10 என்றால் 800, 12 என்றால் 670. ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கு இதில் பாதிக்கும் கீழே. புல்லிக் கணக்கும் சுலபம்: 1440 சுற்று மோட்டாரில் இரண்டு அங்குலப் புல்லி, ஸ்பிண்டிலில் ஐந்து அங்குலம் என்றால் 1440-ஐ இரண்டால் பெருக்கி ஐந்தால் வகுத்தால் 576. பெல்ட் இறுக்கம்: புல்லிகளுக்கு நடுவே ஓரடி தூரம் இருந்தால், நடுவில் கட்டைவிரலால் அழுத்தும்போது அரை அங்குலம் இறங்கட்டும். ட்ரில் கீச்சென்று கத்தி நுனி நீலமாகிறதென்றால் வேகம் அதிகம். இதைக் கத்தவிட்டுக்கொண்டே அழுத்துகிறவர்கள்தான் ட்ரில் தரமில்லை என்று சொல்வார்கள்.

கிரைண்டர்

பழைய பெஞ்ச் கிரைண்டரின் உடம்பு வாங்கலாம், கல்லை அங்கேயே கழற்றிப் போட்டுவிட்டு வாருங்கள். கீழே விழுந்த கல், மழையில் நனைந்த கல் என்று அதன் ஜாதகம் யாருக்கும் தெரியாது. விரிசல் கண்ட கல் வெடிக்கும்போது துண்டுகள் தோட்டா மாதிரிதான் வரும். புதுக் கல்லையும் மாட்டுமுன் விரலில் தொங்கவிட்டு ஸ்க்ரூடிரைவரின் பிடியால் தட்டுங்கள். கணீரென்று வர வேண்டும். கல்லில் எழுதியிருக்கும் அதிகபட்சச் சுற்று மோட்டாரின் சுற்றைவிட அதிகமாக இருக்க வேண்டும். இருபுறமும் வரும் அட்டை வட்டத்தைக் கிழித்துப் போடாதீர்கள், ஃபிளாஞ்ச் அழுத்தத்தைச் சமமாகப் பரப்புவது அதுதான். முதல் ஒரு நிமிடம் ஒதுங்கி நின்று ஓட்டுங்கள். அலுமினியமும் பித்தளையும் இந்தக் கல்லில் வேண்டாம், துளைகள் அடைத்துக்கொள்ளும்.

கரன்ட்

பட்டறைக்குத் தனி லைன் இழுங்கள். 2.5 சதுர மி.மீ. செம்பு ஒயர், 16 ஆம்ப் பிளக், மோட்டாருக்கேற்ற சி வகை எம்சிபி (கரன்ட் மிஞ்சினால் தானே அணையும் சுவிட்ச்), 30 மில்லி ஆம்ப் ஆர்சிசிபி (கரன்ட் கசிந்தால் தானே அணையும் சுவிட்ச்). ஆர்சிசிபி அடிக்கடி விழுகிறது என்று அதைத் தாண்டி ஒயர் கொடுப்பது வடசென்னை முழுக்க நடக்கும் தற்கொலை. அது விழுவதற்கு முதல் காரணம் ஈரம் குடித்த மோட்டார். எர்த் குழியில் கம்பி உப்பில் அரித்துப்போயிருக்கும். இணைப்பை வருடத்துக்கொரு முறை சுரண்டிச் சுத்தம் செய்து கிரீஸ் பூசுங்கள்.

கரன்ட் போய்த் திரும்பி வரும்போது, அணைக்க மறந்த மெஷின் தானாக ஓடத் தொடங்கும். அந்த நேரம் பார்த்து நீங்கள் ட்ரில் மாற்றிக்கொண்டிருப்பீர்கள். இதற்கென்றே இருப்பது பம்புசெட் ஸ்டார்ட்டர். கரன்ட் போனால் அதன் காயில் விட்டுவிடும், பச்சைப் பொத்தானை அமுக்கினால்தான் மறுபடி ஓடும். பழைய பெட்டி கிடைத்தாலும் உள்ளே காயிலும் கான்டாக்ட்டும் புதிதாகப் போடுங்கள். வேறெதுவும் இல்லாவிட்டாலும் ஒவ்வொரு மெஷினுக்கும் இந்தப் பாதுகாப்பு இருக்கட்டும்.

வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாதவை

தின்னரோ பெட்ரோலோ இருந்த டிரம்மை அறுக்கவோ வெல்டிங் செய்யவோ கூடாது. கழுவி, மாதக்கணக்கில் திறந்து கிடந்தாலும் மடிப்புக்குள் ஒளிந்திருக்கும் ஆவி போதும். கேஸ் சிலிண்டரைக் காற்றுத் தொட்டியாக்குவதும் அப்படித்தான். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டில் ஓட்டை போடாதீர்கள். ஜிஐ பைப்பை வெல்டிங் செய்யும் வெள்ளைப் புகை ராத்திரி குளிர் காய்ச்சல் கொண்டுவரும், அந்தப் பூச்சைத் தேய்த்தெடுத்துவிட்டுத் திறந்த வெளியில் செய்யுங்கள்.

துரு மறுபடி ஏறாமல்

கழித்துவிட்ட இரும்பு பீரோ ஒன்றைக் கருவி அலமாரியாக்குங்கள். அடித்தட்டில் 15 வாட் குண்டு பல்பு ஒன்று எப்போதும் எரியட்டும். உள்ளே வெளியைவிட நாலைந்து டிகிரி சூடு ஏறினாலே ஈரம் இரும்பில் இறங்காது. எல்இடி போட்டால் பிரயோஜனமில்லை, அதில் சூடு மிகக் குறைவு. மேலே துணி படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அரங்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் போடாமல் தனித்தனியாகத் தொங்கவிடுங்கள். நல்லெண்ணெயும் தேங்காய் எண்ணெயும் பூசாதீர்கள். கொஞ்ச நாளில் பிசுபிசுத்துத் தூசியைப் பிடித்து உப்பையும் சேர்த்து வைத்துக்கொள்ளும். மெஷின் ஆயிலே போதும். மேஜைத் தட்டு, தூண் மாதிரி கை படும் இடங்களுக்குத் தரை பாலிஷ் மெழுகு. மெஷினைப் பிளாஸ்டிக் கவரால் இறுக்கி மூடாதீர்கள், உள்ளே வியர்க்கும். பழைய பருத்திப் போர்வை நல்லது.

வெள்ளத்தில் மூழ்கிய மோட்டாரை, உலர்ந்துவிட்டது என்று தோன்றினாலும், சுவிட்ச் போடாதீர்கள். நல்ல தண்ணீரில் கழுவி, பல்புப் பெட்டியில் இரண்டு நாள் வைத்து, பேரிங் மாற்றி, மெக்கர் பார்த்த பிறகே கரன்ட்.

வருடாந்திரப் பராமரிப்புக்கு ஆயுத பூஜையைவிடப் பொருத்தமான நாள் கிடையாது. வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்குச் சற்று முன்னால், எல்லாச் சாமானையும் கழற்றித் துடைக்கும் ஒரே நாள் அது. அன்று பெல்ட், பேரிங், எர்த், ஆர்சிசிபி சோதனைப் பொத்தான் எல்லாவற்றையும் பார்த்து எண்ணெய் போட்டுவிடுங்கள். சந்தனமும் குங்குமமும் மட்டும் பெயின்ட் அடித்த உடம்பில் வையுங்கள். தண்ணீர் விட்டுக் குழைத்த சந்தனத்தை வைஸ் தாடையிலோ ட்ரில் தூணிலோ வைத்தால், பொட்டு உதிர்ந்த பிறகு அதே வட்டத்தில் துரு நிற்கும்.